தொகுதியின் நாற்காலி காலியாகக் கிடந்தால்

சட்டமன்றத் தொகுதியையும் தேர்தலையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் தொழிலும் ஊரும் மட்டும்.

பனியன் தொழிலாளி, திருப்பூர்: என் ஒரு ஓட்டால் என்ன மாறிவிடப் போகிறது? ஒரு நாள் சம்பளம் போவதுதான் மிச்சம்.

முதலில் சம்பளம். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். கேட்டு வாங்குங்கள். அடுத்தது ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137. மொடக்குறிச்சியில் 281. அதற்கு முந்தைய தேர்தலில் ராதாபுரத்தில் 49. உங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் வேலை பார்க்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர், வள்ளியூர்: அந்த 49 ஓட்டு வழக்கு கடைசியில் என்னதான் ஆயிற்று?

2016-இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை வென்றதாக அறிவித்தார்கள். தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். தகராறு 203 தபால் ஓட்டுகளைப் பற்றியது. தலைமையாசிரியர் சான்றளித்துக் கையெழுத்திட்டது செல்லாது என்று அவற்றை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் வந்துவிட்டது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே அந்த ஐந்தாண்டும் ஓடிப்போனது. 2021-இல் அதே தொகுதியில் அப்பாவு வென்றார், சபாநாயகரும் ஆனார்.

தோற்றவர் 45 நாளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் ஏற்க மாட்டார்கள். ஆனால் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. மனுதாரருக்குக் கறாரான கெடு, தீர்ப்புக்கு வெறும் விருப்பம். ராதாபுரத்து மக்கள் தேர்ந்தெடுத்தது யாரை என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு 2016-லேயே இருந்தது. தேர்தல் வழக்குகளை மட்டும் அன்றாடம் விசாரிக்கும் அமர்வு உயர் நீதிமன்றத்தில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியை, குடியாத்தம்: 2016 முதல் 2021 வரை நம் எம்.எல்.ஏ. யார் என்று மாணவி கேட்டாள். என்ன சொல்வது?

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பாதிக்கும் மேல் குடியாத்தத்துக்கு எம்.எல்.ஏ.வே இல்லை.

2016 மே மாதம் அ.தி.மு.க.வின் ஜெயந்தி பத்மநாபன் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு நடந்தவரை இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்று சொன்னபோது அக்டோபர் முடியப் போகிறது. இடைத்தேர்தல் முடிவு வந்தது 2019 மே 23 அன்று. 20 மாதம் போயிற்று.

தி.மு.க.வின் காத்தவராயன் வென்றார். ஒன்பது மாதத்தில், 2020 பிப்ரவரி இறுதியில், அவர் காலமானார். கொரோனா வந்தது, இடைத்தேர்தல் நடக்கவில்லை. 2021 மே வரை மறுபடி 14 மாதம் காலி. ஊரடங்கில் ஜனங்கள் வேலையும் கூலியும் இல்லாமல் தவித்த நாட்களில், அவர்களுக்காகக் கோட்டையில் பேசவேண்டிய நாற்காலி வெறுமையாக இருந்தது. இரண்டையும் கூட்டினால் 60 மாதத்தில் 34.

இது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. முதலமைச்சரான காமராஜர் 1954-இல் சட்டமன்றத்துக்குள் வந்ததும் இதே குடியாத்தத்து இடைத்தேர்தலில் வென்றுதான். மாணவியிடம் அதையும் சொல்லுங்கள், தன் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் என்று அவள் அறியட்டும்.

காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம், நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையமும் மத்திய அரசும் கருதினாலும் வேண்டாம் என்று விலக்குகளும் இருக்கின்றன. அந்த 18 தொகுதி மக்களும் எந்தக் கடிதமும் கொடுக்கவில்லை, எந்தக் கட்சியும் தாவவில்லை. ஆண்டிபட்டி, பெரம்பூர், அரூர், சாத்தூர், விளாத்திகுளம், பரமக்குடி என்று மூலைக்கு மூலை 20 மாதம் குரலில்லாமல் இருந்தார்கள். உறுப்பினருக்குத் தண்டனை கொடுக்கும்போது தொகுதிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். இதை ஒரு பெரிய அநீதியாக நம் கட்சிகள் எதுவும் பேசாததுதான் எனக்கு ஆறவில்லை.

கல்லூரி மாணவர், சேலம்: நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் எல்லா வேட்பாளரும் தோற்றதாக அர்த்தமா?

இல்லை. நோட்டா முதலிடம் பிடித்தாலும் அதற்கு அடுத்து நிற்பவர்தான் எம்.எல்.ஏ. டெபாசிட் கணக்குப் பார்க்கும்போதும் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அது முதலில் வந்தது உங்கள் மாவட்டத்தில்தான், 2013 டிசம்பர் ஏற்காடு இடைத்தேர்தலில். கோபத்தைப் பதிவு செய்ய அது போதும், ஆளை மாற்றப் போதாது.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: என் ஓட்டும் துறைமுகம் தொகுதிக்காரர் ஓட்டும் சமமா?

சமமில்லை. 2021 தேர்தல் பட்டியலில் சோழிங்கநல்லூரில் 7 லட்சத்தை நெருங்கும் வாக்காளர்கள், துறைமுகத்தில் 1.8 லட்சத்துக்கும் குறைவு. ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. இரண்டு தொகுதிக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ. ஆண்டுக்கு அதே 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி.

காரணம் எளிது. இப்போதுள்ள எல்லைகளை 2008-இல் போட்டார்கள், அதுவும் 2001 கணக்கெடுப்பை வைத்து. பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் அடுக்குமாடிகள் முளைத்ததெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு. மொத்த இடங்கள் 1967-இலிருந்து 234-தான். 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரும்வரை எல்லையைத் தொட அரசமைப்பு விடவில்லை.

இங்கே பலரும் இரண்டு சங்கதியைக் குழப்பிக்கொள்கிறார்கள். மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது ஒன்று. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாட்டுக்கு அதில் இடம் குறையக் கூடாது என்று நாம் போராடுவது நியாயம். தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வது வேறு. அதனால் டெல்லியில் நம் பங்கு ஒரு இடம்கூடக் குறையாது. முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் பூட்டி வைத்திருப்பது தப்பு. சோழிங்கநல்லூர்க்காரர்கள் கேட்கத்தான் வேண்டும்.

மளிகைக் கடைக்காரர், சாத்தான்குளம்: எங்களுக்கு ஒரு தொகுதி இருந்தது. எங்கே போயிற்று?

2008 மறுவரையறையில் மறைந்துவிட்டது. உங்களோடு சேரன்மகாதேவி, சமயநல்லூர், வெள்ளக்கோவில், புரசைவாக்கம், பூங்கா நகர் என்று இன்னும் பலவும் போயின. அடுத்த முறை வரைவு எல்லைகள் வெளியாகும், ஆட்சேபம் கேட்பார்கள், பொது விசாரணையும் நடக்கும். அந்த அறையில் கட்சிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்க விடாதீர்கள். மறுவரையறை ஆணையத்தின் இறுதி உத்தரவை எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. பேசவேண்டியதை முன்னாலேயே பேசிவிட வேண்டும்.

மஞ்சள் விவசாயி, ஈரோடு மாவட்டம்: மொடக்குறிச்சியில் ஆயிரம் பேர் போட்டியிட்டது உண்மையா? என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான்.

உண்மை. 1996-இல் 1,033 வேட்பாளர்கள். தங்கள் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் உங்கள் பகுதி விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகம் போலத் தைக்க வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவையே தள்ளிவைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டது பதவியை அல்ல, தங்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்கள்.

திரும்பிப் பார்த்தார்கள். எப்படி? அதே ஆண்டு டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். பிறகு அது 10,000 ஆனது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் போயிற்று. ஆயிரம் பெயர் கொண்ட வாக்குச்சீட்டால் தேர்தல் நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறை கேட்க ஆளில்லாத விவசாயிக்கு இருந்த ஒரு வழியை அடைத்தபோது வேறு வழி எதையும் திறந்து வைக்கவில்லை. அந்தத் தேர்தலில் வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 2021-இல் அங்கே 281 ஓட்டில் தோற்றவரும் அவர்தான், பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம்.

லாரி ஓட்டுநர், கரூர்: எல்லாக் கட்சியும் பணம் தருகிறது. நம் பணம்தானே, வாங்கினால் என்ன?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சட்டமன்ற வேட்பாளர் செய்யலாம் என்று அனுமதிக்கப்பட்ட செலவு 40 லட்சம். ஒரு லட்சம் பேருக்குத் தலா 500 கொடுத்தால் 5 கோடி. 40 லட்சம் கணக்கில் வரும், மீதி எங்கிருந்து வந்தது, எப்படித் திரும்பும்? உங்கள் ஊர் மணல், உங்கள் ஊர் சாலை ஒப்பந்தம், உங்கள் வீட்டுப் பட்டா. அங்கிருந்துதான் திரும்பும். கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு.

உங்கள் பக்கத்து அரவக்குறிச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2016 மே மாதம் மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டபோது அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலை நிறுத்தினார்கள். நவம்பரில்தான் நடந்தது. 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் அதே காரணத்தால் ரத்தாகி டிசம்பருக்குப் போனது. நேர்மையாக ஓட்டுப் போடக் காத்திருந்தவரும் சேர்ந்துதான் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்தார்.

குடும்பத்தலைவி, திண்டிவனம்: தெருவிளக்கு எரியவில்லை. எம்.எல்.ஏ. கண்டுகொள்ளவே இல்லை.

தெருவிளக்கு நகராட்சியின் வேலை. வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள். எம்.எல்.ஏ.விடம் கேட்க வேறு பெரிய கேள்விகள் இருக்கின்றன.

வழக்கறிஞர், மதுரை: எம்.எல்.ஏ.க்கள் கட்சி சொன்னபடி கைதூக்குகிறவர்கள்தானே? இவர்களை ஏன் பிரதிநிதி என்கிறோம்?

வலிக்கிற கேள்வி. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த சந்தையும் 2003-இல் அடைத்தார்கள். காசுக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க அது வேண்டியிருந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போடலாம் என்று விட்டதில், தொகுதியின் கருத்தைச் சொல்ல உறுப்பினருக்கு இருந்த இடமும் போய்விட்டது. அரசின் உயிர் தொங்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் மட்டும் கொறடா போதும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் மக்களைக் கேட்டு ஓட்டுப் போடட்டும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஓட்டுக்குத்தான் கொறடா. கேள்விக்கு இல்லை. கேள்வி நேரத்தில் எழுதிக் கேட்கவும் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கவும் உறுப்பினரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2022 முதல் நம் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையாகவும் வருகிறது. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகும்போது வேலைக்குச் சிபாரிசு கேட்கும் மனுவோடு, சபையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றையும் எழுதிக் கொடுங்கள். கேட்டாரா என்று பாருங்கள். கேட்காதவரை அடுத்த முறை கேளுங்கள்.

சுயஉதவிக் குழு உறுப்பினர், பெரம்பலூர்: ஊராட்சியில் பாதி பெண்கள். சட்டமன்றத்தில் ஏன் இல்லை?

2021-இல் 234 பேரில் வென்ற பெண்கள் 12. ஊராட்சியில் நீங்கள் இருப்பதற்குக் காரணம் சட்டம் 50 சதவீதத்தைக் கட்டாயமாக்கியது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106-வது திருத்தம் 2023-இல் நிறைவேறியது. ஆனால் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்களைப் போட எந்தக் கட்சியும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. போடாததற்கு மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அரசு ஊழியர், ஊத்தங்கரை: எங்கள் தொகுதி எத்தனை காலம் தனித் தொகுதியாகவே இருக்கும்? மற்ற சாதியாருக்கு இங்கே பிரதிநிதி இல்லையா?

இருக்கிறாரே. தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டு எல்லாருடையது, வெல்பவர் எல்லாருக்கும் எம்.எல்.ஏ. உண்மையில் அங்குள்ள தலித் மக்களின் குறை இதற்கு நேர் எதிரானது. மற்றவர்கள் ஓட்டு பெரும்பான்மையாக இருப்பதால், தங்களுக்காக உரத்துப் பேசுபவரைக் கட்சிகள் நிறுத்துவதில்லை என்கிறார்கள். அதை ஒதுக்கித் தள்ள முடியாது. தமிழ்நாட்டில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு, ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கு. மீதி 188 பொதுத் தொகுதிகளிலும் தலித் வேட்பாளர் நிற்கத் தடையே இல்லை. பெரிய கட்சிகள் எத்தனை இடத்தில் நிறுத்துகின்றன? அந்தக் கேள்விக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடிகிற நாளில், தனித் தொகுதி எத்தனை காலம் என்று பேசலாம்.

புத்தகக் கடைக்காரர், கும்பகோணம்: ஓட்டு சதவீதத்துக்கும் இடங்களுக்கும் சம்பந்தம் உண்டா?

1991-இல் தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 22 ஓட்டுக்கு மேல். இடம் 2. ஒரு தொகுதியில் முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற முறையில் இப்படித்தான் நடக்கும். இன்று வென்றவர் நாளை இதே கணக்கில் அடிபடுவார். அதனாலேயே யாரும் இதை மாற்றத் துணிவதில்லை.

தையற்கலைஞர், ஆம்பூர்: பூத்துக்குப் போனால், உங்கள் ஓட்டைப் போட்டாயிற்றே என்கிறார்கள். திரும்பி வந்துவிட வேண்டியதுதானா?

கூடவே கூடாது. தேர்தல் விதி 49பி என்று சொல்லுங்கள். ‘சர்கார்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள்தான் அந்த ஆள் என்று அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், உங்களுக்கு அச்சடித்த வாக்குச்சீட்டு தரவேண்டும். இயந்திரத்தில் போட முடியாது, டெண்டர் ஓட்டாகத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, நீதிமன்றம் கேட்டால் திறப்பார்கள். 49 ஓட்டில் வென்ற தொகுதிகள் உள்ள மாநிலத்தில் அந்த உறைக்கு மதிப்பு உண்டு.

பிளஸ் டூ மாணவர், தென்காசி: எனக்கு 17 வயது முடிந்துவிட்டது. அப்பா அம்மா பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

தம்பி, இன்றே செய்யக்கூடிய வேலை இது. 17 முடிந்தாலே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகள் நான்கும் கணக்கு. 18 நிறைந்ததும் அடுத்து வரும் தகுதி நாளை வைத்துப் பெயர் ஏறும்.

அப்பா அம்மாவிடம் அடையாள அட்டை இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. 2025 டிசம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். உயிரோடு அதே வீட்டில் இருப்பவர் பெயர் விட்டுப் போயிருந்தால் அதைக் கேட்டு வாங்கவேண்டியவர் அவர்தான். பெயர் இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாற்றமோ பிழைத் திருத்தமோ என்றால் படிவம் 8. 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம், உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரை நேரிலும் பார்க்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடிவிடும். அதற்குப் பிறகு வாக்குச்சாவடி வாசலில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. உன் வீட்டுப் பெயர்களைப் பார்த்த கையோடு பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரையும் பார்த்துச் சொல்லிவிடு.